எர்த் முதலில், கரன்ட் அப்புறம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் எல்லோரும் கடைக்காரரிடம் சில கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். ரேம் எத்தனை ஜிபி? எந்த பிராசசர்? எஸ்எஸ்டி உண்டா? வாரன்டி எத்தனை வருடம்? எல்லாமே நல்ல கேள்விகள்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. "இந்த பிளக் பாயின்டில் எர்த் வேலை செய்கிறதா?"

தொழிற்சாலையில் இதற்கு நேர்மாறு. அங்கே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே எர்த்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ஆலை இயந்திரங்களை இயக்கும் கன்ட்ரோலர்களுக்கு சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. சொந்த ஊர் உளுந்தூர்பேட்டைக்கு அருகே உள்ள திருநாவலூர். லீவில் ஊருக்குப் போனால், "தம்பி, சிபியுவைத் தொட்டா சுருக்குன்னு இழுக்குது. வைரஸா இருக்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. வைரஸ் இல்லை அக்கா, எர்த் இல்லை என்பதே பதில். ஆலையில் ஒரு கன்ட்ரோலரை எப்படி வயரிங் செய்கிறார்கள் என்று பார்த்தால், வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தானாகவே புரிந்துவிடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஆலைக்குள் ஒரு கம்ப்யூட்டர்

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது. கரும்பும் நெல்லும் விளையும் பகுதி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. மாடர்ன் ரைஸ் மில்களும் உண்டு. சர்க்கரை ஆலை என்பது கரும்பை நசுக்கிச் சாறு எடுப்பதோடு முடிகிற வேலை அல்ல. கரும்பு வரும் கேரியரின் வேகம், பாய்லரில் தண்ணீர் மட்டம், சாறு காய்ச்சும் வெப்பம், சர்க்கரையைப் பிரிக்கும் சென்ட்ரிபியூகல் இயந்திரத்தின் சுழற்சி என எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேண்டும்.

இத்தகைய வேலைகளை இன்றைய ஆலைகளில் பார்த்துக் கொள்வது பிஎல்சி. புரோகிராமபிள் லாஜிக் கன்ட்ரோலர் என்பதன் சுருக்கம் இது. இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசசர் உண்டு, மெமரி உண்டு. கீபோர்டு, மவுசுக்குப் பதிலாக சுவிட்சுகளும் சென்சார்களும் இதற்கு இன்புட். மானிட்டருக்குப் பதிலாக மோட்டார்களும் வால்வுகளும் அவுட்புட். இன்புட்டைப் படிப்பது, புரோகிராமை ஓட்டுவது, அவுட்புட்டை மாற்றுவது. இந்த மூன்றையும் ஒரு நொடிக்குள் பல முறை திரும்பத் திரும்பச் செய்து கொண்டே இருக்கும்.

இது பிறந்த கதை சுவாரசியமானது. 1968-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கியர்பாக்ஸ் பிரிவு, சுவர் முழுக்க நிறைந்திருந்த ரிலேக்களுக்கு மாற்றாக ஒரு கருவி வேண்டும் என்று கேட்டது. கார் மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் அத்தனை ரிலேக்களையும் அவிழ்த்து மறுபடி வயரிங் செய்ய வேண்டியிருந்ததே காரணம். டிக் மார்லி என்ற பொறியாளர் இருந்த பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் நிறுவனம் ஒரு கருவியைச் செய்து கொடுத்தது. அது அவர்களுடைய 84-வது பிராஜெக்ட். அதனால் அதன் பெயர் மோடிகான் 084.

வயரிங்கை மாற்றாமல் புரோகிராமை மட்டும் மாற்றினால் போதும் என்பதுதான் பிஎல்சியின் பெருமை. ஆனால் அந்த ஒரு முறை செய்யும் வயரிங் சரியாக இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல புரோகிராமும் பயன்படாது. ஆளுக்கும் ஆபத்து.

எர்த் என்ன செய்கிறது?

வீட்டு சுவிட்ச் போர்டுக்கு வருவது மூன்று வயர்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு முதல் இரண்டும் போதும். எர்த் வயரில் சாதாரண நேரத்தில் சொல்லும்படியாக எந்தக் கரன்ட்டும் ஓடாது. அதனால்தான் "எர்த் இல்லாவிட்டாலும் ஓடுகிறதே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

எர்த்துக்கு வேலை வருவது ஏதாவது கெட்டுப் போகும்போது. உள்ளே ஒரு ஃபேஸ் வயரின் இன்சுலேஷன் தேய்ந்து இரும்புப் பெட்டியில் படுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். எர்த் இருந்தால் அந்தக் கரன்ட் தரைக்குப் போக ஒரு வழி இருக்கும். இல்லாவிட்டால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்டில் சும்மா நிற்கும். யாராவது தொட்டால் அவர் உடலே வழியாகிவிடும். வெறுங்காலில், ஈரக் கையோடு இருப்பவரின் உடல் மின்தடையை 1,500 ஓம் என்று கொண்டால், 150 மில்லி ஆம்பியருக்கு மேல் கரன்ட் பாயும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து என்ற கணக்கில்தான் பாதுகாப்புக் கருவிகளைச் செய்கிறார்கள்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளைப் பார்த்தால், சமீப ஆண்டுகளில் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல்.

பேனலில் நடப்பது என்ன?

ஆலையில் பிஎல்சியை மேஜை மேல் வைக்க மாட்டார்கள். பேனல் என்னும் இரும்பு அலமாரிக்குள் ஒரு தகட்டில் பொருத்துவார்கள். அந்தப் பேனலில் பின்பற்றும் விதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

விதி 1: எர்த் முதலில்.

பேனலின் அடிப்பகுதியில் செம்புப் பட்டை ஒன்று இருக்கும். இதுதான் எர்த் பஸ்பார். பேனலை இடத்தில் வைத்ததும் முதலில் இணைப்பது ஆலையின் எர்த்தை இந்தப் பட்டையோடு. அதன் பிறகே ஃபேஸ், நியூட்ரல். பிஎல்சி, பவர் சப்ளை, பேனலின் தகடு, கதவு ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி வயர் இந்தப் பட்டைக்கு வர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று என்று சங்கிலி போலக் கோக்கக் கூடாது. கோத்தால், நடுவில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றுக்கும் எர்த் போய்விடும்.

பெயின்ட் அடித்த இடத்தில் எர்த் போல்ட்டை முடுக்கினால் இணைப்பு கிடைக்காது. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்குவார்கள். கதவுக்குப் பின்னல் செம்புப் பட்டை போடுவார்கள். கீல் வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று நம்ப மாட்டார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் எர்த் வயரை மற்ற வயர்களைவிடச் சற்று நீளமாக விடுவார்கள். யாராவது கேபிளைப் பிடித்து இழுத்துவிட்டால் ஃபேஸ் முதலில் கழன்று, எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும்.

இதே விதி உங்கள் வீட்டிலும் இருக்கிறது. மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள பின் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அதுதான் எர்த். செருகும்போது எர்த் முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியாக விடும். எர்த் முதலில், கரன்ட் அப்புறம் என்ற விதியை பிளக்கிலேயே வடித்து வைத்திருக்கிறார்கள்.

விதி 2: பெரிய கரன்ட்டும் சின்ன சிக்னலும் ஒரே பாதையில் போகக் கூடாது.

பிஎல்சியின் இன்புட்டுகள் பெரும்பாலும் 24 வோல்ட் டிசியில் வேலை செய்யும். சில மில்லி ஆம்பியர்தான் ஓடும். மோட்டாருக்குப் போகும் கேபிளோ பல ஆம்பியர்களைச் சுமக்கும். இரண்டையும் ஒரே குழாயில் போட்டால், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் சிக்னல் வயரில் பொய் சிக்னல் தோன்றும். அதனால் பவர் கேபிளுக்கு ஒரு பாதை, சிக்னல் கேபிளுக்கு இன்னொரு பாதை. எங்காவது குறுக்கே போயே ஆக வேண்டும் என்றால் கூட்டல் குறி போல நேர் குறுக்காகப் போக வேண்டும். பக்கத்தில் இணையாக நீண்ட தூரம் ஓடக் கூடாது.

விதி 3: ஷீல்டை எங்கே எர்த் செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளக்கும் சென்சார்கள் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான கரன்ட்டாகத் தங்கள் அளவைச் சொல்கின்றன. பூஜ்யத்துக்கு ஏன் 4? வயர் அறுந்துவிட்டால் கரன்ட் உண்மையாகவே பூஜ்யம் ஆகும். உடனே பிஎல்சி அதைப் பழுது என்று கண்டுபிடித்துவிடும். இந்தக் கேபிள்களின் மேல் ஒரு உலோக வலை சுற்றியிருக்கும். அதுதான் ஷீல்டு. இதைப் பொதுவாகப் பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்வார்கள். இரண்டு முனையிலும் எர்த் செய்தால், இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே சில வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் ஷீல்டு வழியாகவே கரன்ட் ஓட ஆரம்பிக்கும். இதற்கு கிரவுண்டு லூப் என்று பெயர். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களின் மோட்டார் கேபிளுக்கு மட்டும் விதி வேறு. அதற்கு இரண்டு முனையிலும் எர்த் கேட்பார்கள். ஆகவே, கருவியோடு வரும் மேனுவலைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது.

விதி 4: காயிலை அடக்கி வை.

ரிலே, காண்டாக்டர், சோலினாய்டு வால்வு எல்லாவற்றிலும் காயில் உண்டு. காயிலுக்குப் போகும் கரன்ட்டை நிறுத்தும் கணத்தில் அது சப்ளையைவிடப் பல மடங்கு வோல்டேஜை எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளும். டிசி காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாக இணைத்தால் அந்த உதை அதிலேயே அடங்கிவிடும். ஏசி காயிலுக்கு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் போடுவார்கள். இல்லாவிட்டால் பிஎல்சியின் அவுட்புட் கொஞ்ச நாளில் செத்துப் போகும்.

விதி 5: எமர்ஜென்சி ஸ்டாப்பை சாப்ட்வேரிடம் ஒப்படைக்காதே.

சாப்ட்வேர் எழுதும் நானே சொல்கிறேன், நம்புங்கள். சிவப்புக் காளான் போல இருக்கும் எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால், புரோகிராம் எந்த நிலையில் இருந்தாலும் மோட்டார் நிற்க வேண்டும். அதனால் இந்தப் பட்டன் பிஎல்சிக்கு வெளியே, நேராக வயர் மூலமே மோட்டாரின் சப்ளையைத் துண்டிக்கும். "பட்டன் அழுத்தப்பட்டது" என்ற தகவல் மட்டும் பிஎல்சிக்குத் தனியாகப் போகும். அதோடு இந்தப் பட்டன் சாதாரண நிலையில் மூடியிருக்கும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் திறக்கும். எலி வயரைக் கடித்தாலும் சர்க்யூட் திறந்து இயந்திரம் நின்றுவிடும். பழுது வந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்பதே இதன் பின்னால் உள்ள சிந்தனை.

சிபியு ஏன் சுருக்கென்கிறது?

இப்போது வீட்டுக்கு வருவோம். உங்கள் டெஸ்க்டாப்பின் பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை இருக்கிறது. மின் இரைச்சலை வடிகட்ட, அதன் வாசலில் இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று ஃபேஸிலிருந்து பெட்டிக்கு. மற்றொன்று நியூட்ரலிலிருந்து பெட்டிக்கு. எர்த் இருந்தால் இந்தக் கெபாசிட்டர்கள் வழியாக வரும் துளிக் கரன்ட் எர்த்துக்குப் போய்விடும். உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எர்த் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பெட்டி இரண்டு கெபாசிட்டருக்கும் நடுவில் மாட்டிக் கொள்ளும். 230-ல் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் அதில் தங்கும். டெஸ்டர் வைத்தால் எரியும். தொட்டால் சுருக்கென்னும். ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வரும் இந்தக் கரன்ட் பொதுவாக ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஆளைக் கொல்லாது. ஆனால் மானிட்டர், பிரின்டர், ஸ்பீக்கர் என்று கேபிள்களால் இணைத்த எல்லாவற்றின் கசிவும் ஒன்று சேரும். போர்ட்டில் பென் டிரைவ் செருகும்போது இந்த வோல்டேஜ் உள்ளே பாய்ந்து போர்ட்டையும் கெடுக்கலாம்.

முக்கியமான விஷயம் வேறு. இந்தச் சுருக் உங்களுக்கு ஒரு எச்சரிக்கை மணி. எர்த் இல்லை என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. நாளை உண்மையாகவே ஃபேஸ் வயர் பெட்டியில் பட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று பொருள். ரப்பர் செருப்புப் போட்டுக் கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்காருவது இதற்குத் தீர்வு அல்ல.

சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கியிருக்கிறீர்களா? திடீரென்று ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பி விடுவது அதன் வேலைகளில் முக்கியமானது. எர்த்தே இல்லாவிட்டால் எங்கே திருப்பும்?

எர்த் குழி மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஃபேஸ் பெட்டியில் பட்டால், கரன்ட் உங்கள் எர்த் குழிக்குள் இறங்கி, மண் வழியாகப் போய், டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வழியாகத் திரும்ப வேண்டும். உங்கள் குழியின் மின்தடை 15 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 5 ஓம், மொத்தம் 20 ஓம் என்று கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். உங்கள் போர்டில் உள்ள எம்சிபி 16 ஆம்பியர். எனவே அது விழாது! 11.5 ஆம்பியர் ஓடிக் கொண்டே இருக்கும். பெட்டியில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கும்? 11.5 தர 15, அதாவது 172 வோல்ட்டுக்கு மேல். எர்த் இருந்தும் ஆபத்து தீரவில்லை.

இதற்குத்தான் ஆர்சிசிபி. ஃபேஸில் போகும் கரன்ட்டும் நியூட்ரலில் திரும்பி வரும் கரன்ட்டும் சமமா என்று இது பார்த்துக் கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வகையில், வித்தியாசம் அந்த அளவை எட்டுவதற்குள் அல்லது எட்டியதும் சப்ளையைத் துண்டித்துவிடும். மேலே சொன்ன 11.5 ஆம்பியர் போன்ற பெரிய கசிவு என்றால் 40 மில்லி நொடிக்குள் துண்டிக்க வேண்டும். ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கம்ப்யூட்டரின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை சிறு தொகைதான். வீட்டு மெயின் போர்டில் ஒன்று போட்டால் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு.

அதில் 'டி' என்று எழுதிய பட்டன் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்குத் தெரியாது. கவனம் என்றும் தேவை.

மண்ணும் ஒரு வயர்தான்

எர்த் குழி எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐஎஸ் 3043 சொல்கிறது. 2018-ல் இது திருத்தி வெளியிடப்பட்டது. நம் ஊர்களில் வழக்கமாகச் செய்வது, சுமார் இரண்டரை மீட்டர் நீள ஜிஐ பைப்பைக் குழியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவது. வீட்டுச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருப்பது நல்லது.

மண் ஈரமாக இருந்தால் கரன்ட் எளிதில் போகும். காய்ந்தால் மின்தடை ஏறும். வயல் சூழ்ந்த களிமண் பகுதியில் நல்ல எர்த் கிடைப்பது சுலபம். கல்வராயன் மலைப் பக்கம் போல பாறையும் சரளையும் உள்ள இடத்தில் கடினம். ஒரு பைப் போதாமல், இரண்டு மூன்று பைப்புகளைத் தள்ளித் தள்ளி இறக்கி இணைக்க வேண்டியிருக்கும். ஐப்பசி மழையில் நன்றாக இருந்த எர்த், சித்திரை வெயிலில் பாதியாகிவிடலாம். அதனால் கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். துளசி மாடத்துக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு குடம்! உப்பு பைப்பை அரிக்கும் என்பதால், சில வருடங்களுக்கு ஒரு முறை எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் டெஸ்டரால் அளந்து பார்ப்பதும் அவசியம்.

இவற்றைச் செய்யவே செய்யாதீர்கள்

1. நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்டில் இணைப்பது. எர்த் இல்லாத வீடுகளில் சிலர் செய்யும் தந்திரம் இது. டெஸ்டர் எரிவது நின்றுவிடும். ஆபத்து பல மடங்காகிவிடும். வீட்டுக்கு வரும் நியூட்ரல் எங்காவது அறுந்தால், ஓடிக் கொண்டிருக்கும் ஃபேன், லைட் வழியாக வரும் ஃபேஸ் நேராகக் கம்ப்யூட்டரின் பெட்டிக்கு வந்துவிடும். போஸ்ட்டில் லைன் வேலை நடந்த பின் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டாலும் இதே கதிதான்.

2. எர்த் பின்னை ஒடித்துவிட்டு, இரண்டு பின்னாகச் செருகுவது.

3. எல்லா பிளக்கையும் ஏற்கும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்புவது. மூன்று ஓட்டை இருக்கும். வெளியே வரும் வயரில் இரண்டு இழைதான் இருக்கும். வாங்கும் முன் பிளக்கைப் பாருங்கள். இரண்டு பின் என்றால் அது கம்ப்யூட்டருக்கு ஆகாது.

4. யுபிஎஸ் இருக்கிறதே என்று எர்த்தை விட்டுவிடுவது. யுபிஎஸ் எர்த்தை உருவாக்காது. சுவரிலிருந்து வரும் எர்த்தைக் கம்ப்யூட்டருக்குக் கடத்துவதோடு சரி.

5. கம்ப்யூட்டரையும் ஃபிரிட்ஜையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுவது. விதி 2, விதி 4 இரண்டையும் நினைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் மோட்டாரின் உதை கம்ப்யூட்டருக்கு வர வேண்டாம்.

எப்படிச் சோதிப்பது?

பாயின்டை நேராகப் பார்த்தால் மேல் ஓட்டை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, எலக்ட்ரீஷியனை மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள்.

ஃபேஸ் – நியூட்ரல்: சுமார் 230 வோல்ட்.
ஃபேஸ் – எர்த்: ஏறக்குறைய அதே அளவு.
நியூட்ரல் – எர்த்: இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்.

மூன்றாவது அளவு அதிகமாக இருந்தால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு. ஆனால் மல்டிமீட்டர் மிகக் குறைந்த கரன்ட்டையே எடுக்கும். அதனால் அரைகுறையான எர்த்தும் அதில் நல்லதாகத் தெரியும். எனவே, அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் 100 வாட் குண்டு பல்பை ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டுப் பார்ப்பார். நியூட்ரலில் எரிவது போலவே பிரகாசமாக எரிந்தால் எர்த் பரவாயில்லை. மங்கலாக எரிந்தால் குழியைக் கவனிக்க வேண்டும். ஆர்சிசிபி போட்ட வீட்டில் பல்பை வைத்ததும் அது விழுந்துவிடும், விழுவதுதான் சரி. இந்த பல்பு சோதனையை நீங்களே செய்ய வேண்டாம். எர்த் மோசமாக இருந்தால், சோதிக்கும் நேரத்தில் வீட்டில் எர்த்தோடு இணைந்த எல்லாப் பெட்டிகளிலும் வோல்டேஜ் ஏறும். அந்த நேரத்தில் யாரும் எதையும் தொடக் கூடாது.

பிஎல்சி பழகும் மாணவர்களுக்கு

டிப்ளமோ, பி.இ. படிப்பவர்கள் பலர் சின்ன பிஎல்சி ஒன்றை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிப் பழகுகிறார்கள். நல்ல பழக்கம். அவர்களுக்கு மூன்று குறிப்புகள்.

முதலில், பிஎல்சியையும் கம்ப்யூட்டரையும் ஒரே எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து ஓட்டுங்கள். வேறு வேறு இடத்து எர்த் என்றால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் சீரியல் அல்லது யுஎஸ்பி கேபிள் வழியாகச் சமன் ஆகப் பார்க்கும். விதி 3-ல் பார்த்த கிரவுண்டு லூப் இதுதான். போர்ட் கருகிவிடும். ஆலையில் புரோகிராம் ஏற்றும்போது நான் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுவேன். ஐசொலேட்டர் உள்ள கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து, பழகும் காலத்தில் இன்புட், அவுட்புட் எல்லாவற்றையும் 24 வோல்ட் டிசியிலேயே வையுங்கள். 230 வோல்ட் பல்பையோ மோட்டாரையோ இணைக்கும் ஆசையை லேபில் ஆசிரியர் உடன் இருக்கும்போது தீர்த்துக் கொள்ளுங்கள்.

கடைசியாக, பிஎல்சியில் எர்த் குறி போட்ட டெர்மினலைக் காலியாக விடாதீர்கள். பச்சை மஞ்சள் வயரை முதலில் அதில் முடுக்குங்கள். கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்றுங்கள்.

இந்த வாரமே செய்யுங்கள்

கம்ப்யூட்டரை ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி மூன்று பின்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கையும் பாருங்கள். மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். இல்லாவிட்டால் லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தை அளந்து, ஆர்சிசிபியையும் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்து டெஸ்டரைப் பெட்டியில் வையுங்கள். விளக்கு எரியக் கூடாது. அதன் பிறகு உங்கள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து வெறுங்காலோடு கேம் விளையாட உட்கார்ந்தாலும் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.